மூத்த மரமும் ஓடும் கால்களும்

அழகிய பொருளொன்றைக் காண விழைவதும் அதனருகே செல்ல முயல்வதும் மனித இயல்பு. ஆனால், நாம் அருகே செல்வதனாலேயே அவ்வழகு தேயுமாயின், அங்கு செல்லும் உரிமை நமக்கு உண்டா? இவ்வினா வெறுங் கற்பனையில் எழுந்ததன்று. யப்பானின் தெற்கே, கியூஷூவுக்கு அப்பால் கடலில் நிற்கும் யாக்குஷிமா என்னும் தீவின் மலைப்பாதையொன்று இதனை நாள்தோறும் எழுப்பிக்கொண்டிருக்கிறது.

அப்பாதை அரக்காவா என்னுமிடத்திலிருந்து ஏறத்தாழ 11 கிலோமீற்றர் செல்கிறது. நடப்போர்க்குப் போய்வரப் பத்து மணி நேரமாகும். ஓடியே சென்று திரும்புவோரும் உளர். பாசி போர்த்த பாறைகளையும் மழைநீர் இரைந்தோடும் அருவிகளையும் கடந்து, 1,300 மீற்றர் உயரத்தில் ஒரு மரத்தின் முன் அவர்கள் நிற்கிறார்கள். ஜோமோன் சுகி என்பது அதன் பெயர். அடிமரத்தின் சுற்றளவு 16 மீற்றருக்கு மேல். அதன் வயது இரண்டாயிரத்துச் சொச்சம் என்பாரும் உளர். ஏழாயிரத்துக்கு மேல் என்பாரும் உளர். குறைந்த கணக்கைக் கொண்டாலும், கிறித்து பிறக்கு முன்னரே அது துளிர்த்துவிட்டது.

அதனை நோக்கி ஓடுபவனை நாம் இகழவில்லை. வாரம் முழுவதும் இயந்திரத்தின் முன்னும் மேசையின் முன்னும் கூனியிருந்த உடல், மலையேற்றத்தில் தன்னைத் தானே மீட்டுக்கொள்கிறது. அந்த இன்பம் உழைப்பவர் யாவர்க்கும் உரியது. ஆயின், தன் கால்கள் எதன்மீது ஓடுகின்றன என்பதை அவன் அறிந்திருத்தல் வேண்டும்.

பாதையின் பெரும்பகுதி தண்டவாளம். வெட்டிய மரங்களை மலையிலிருந்து கடற்கரைக்கு இறக்குவதற்காக 1923இல் அமைந்தது அது. அதன் ஓரத்தில் கொசுகிதானி என்னும் மரவெட்டிகளின் ஊர் இருந்தது. அங்கே குடும்பங்கள் வாழ்ந்தன. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் இருந்தது. 1970இல் அவ்வூர் கலைந்தது. பள்ளிக்கூடம் நின்ற வெற்றிடத்தைக் கடந்தே இன்றைய ஓட்டக்காரன் செல்கிறான். அவன் “இயற்கை எழில்” என்று வியக்கும் பாதையை அமைத்தவை, பெயர் எழுதப்படாத மனிதரின் கைகளே.

கதை அதற்கும் முந்தியது. பதினேழாம் நூற்றாண்டில் அத்தீவு சாட்சுமாப் பிரபுக்களின் ஆட்சியில் இருந்தது. நெல் விளைநிலம் குறைந்த அத்தீவின் மக்கள், அரிசிக்கு ஈடாக, சுகி மரத்தைப் பிளந்து கூரை வேயும் மெல்லிய பலகைகளாக்கி வரி செலுத்தினர். அதற்குமுன் பெருமரங்களைத் தெய்வத்தினுடையவை என்று அஞ்சியிருந்தவர் அவர்கள். தோமாரி ஜோச்சிக்கு என்னும் அறிஞர் மலையில் வழிபட்டுத் தெய்வத்தின் இசைவைப் பெற்றுவந்தார் என்று கதை வழங்குகிறது. இரவிலே கோடரியை மரத்திற் சாய்த்துவைக்க வேண்டும். விடியும்வரை அது விழாதிருந்தால் வெட்டலாம். தெய்வத்தின் சம்மதமும் பிரபுவின் தேவையும் இங்கே எவ்வளவு எளிதாக ஒன்றுபட்டுவிட்டன! எனினும், அத்தொழிலால் ஏழைகளின் அடுப்பும் எரிந்தது. அதனாலேயே தீவினர் அவரை இன்றளவும் போற்றுகின்றனர். பசித்தவனைப் பார்த்து மரத்தை ஏன் வெட்டினாய் என்று கேட்பது எளிது. அவனை வெட்டவைத்த வரியைக் கேள்வி கேட்பதே அறம்.

நேராக வளர்ந்த மரங்கள் இவ்வாறு வீழ்ந்தன. முண்டும் முடிச்சுமாய்த் திருகி வளர்ந்தவை பலகைக்கு உதவாதனவென்று விடப்பட்டன. இன்று உலகம் வியக்கும் ஜோமோன் சுகி அத்தகைய மரங்களுள் ஒன்று. பயனற்றது என்ற தீர்ப்பே அதற்குக் காப்பாயிற்று. ஒன்றின் மதிப்பை அதன் பயனால் மட்டும் அளப்பவர்கள் இதனைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

1966இல் அம்மரம் வெளியுலகுக்கு அறிமுகமாயிற்று. 1993இல் தீவின் ஒரு பகுதி உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. கூட்டம் பெருகியது. அன்போடு வந்தவர்களின் கால்கள் வேரின் மேல் இருந்த மண்ணை மிதித்துத் தளர்த்தின. மழை அதனைக் கழுவிச் சென்றது. கோடரிக்குத் தப்பிய மரத்துக்கு இரசிகனின் பாதம் பகையாயிற்று. 1996இல் மரத்தினின்று விலகி நின்று காண்பதற்கு ஒரு மேடை அமைத்தார்கள். அதன் பின்னரும், 2005இல், எவரோ மரப்பட்டையைச் சீவியெடுத்திருந்தமை தெரியவந்தது.

இனி நம் வினாவுக்கு வருவோம். பாதையை மூடிவிடுக என்பர் சிலர். மூடிய கதவு எல்லார்க்கும் மூடியிருப்பதில்லை என்பதை நாம் அறிவோம். பணமும் செல்வாக்கும் உள்ளவனுக்கு அது எப்பொழுதும் திறக்கும். மனிதனுக்காகவே மரம், வருவோர் வரட்டும் என்பர் வேறு சிலர். அவர்கள் மனிதன் என்னும்போது இன்று உயிரோடிருப்பவனை மட்டுமே கருதுகிறார்கள். இனிப் பிறக்கப்போகிறவனும் மனிதனே; அவன் பங்கை உண்பதும் சுரண்டலே.

அந்த மேடையே நமக்கு விடை சொல்கிறது. தூரம் என்னும் சொல் நமக்குக் கசப்பானதுதான். 1968இல் யாழ்ப்பாணத்துக் கோயில் வாயில்களில் ஒடுக்கப்பட்டோர் நடத்திய ஆலயப் பிரவேசப் போராட்டம், சிலரை மட்டும் வெளியே நிறுத்திய தூரத்துக்கு எதிரானது. அத்தூரம் அநீதி, ஏனெனில் அதனை வகுத்தவன் தான் உள்ளே நின்றான். யாக்குஷிமா மேடையின் தூரமோ அமைச்சனுக்கும் கூலியாளுக்கும் ஒன்றே. அதனை வகுத்தவரும் அதனுள் அடங்குவர். பொதுவானதொன்றைக் காப்பதற்காக யாவரும் ஒருங்கே ஏற்கும் கட்டுப்பாடு, உரிமையைப் பறிப்பதாகாது. அது உரிமையை நாளைக்கும் நீட்டுகிறது.

ஆகவே, ஓடுபவன் ஓடட்டும். மேடையை அடைந்ததும் மூச்சு வாங்க நின்று, அங்கிருந்தே கண்ணாரக் காணட்டும். திரும்பும் வழியில், தண்டவாளத்தின் ஓரத்திலே பள்ளிக்கூடம் நின்ற அந்த வெற்றிடத்தில் அவன் இன்னொருமுறை நிற்க வேண்டும் என்பதே நமது விருப்பம். அங்கே படித்த பிள்ளைகளின் தந்தையர் இட்ட பாதையில்தான் அவன் மரத்தைக் கண்டு வருகிறான்.