எளிதாகக் கிடைத்த காட்சி

கால் மைல் தூரங்கூட நடவாமல் ஒருவன் ஓர் அரிய காட்சியைக் கண்டுவிட்டால், அவன் அதை உண்மையிலேயே கண்டவனாவானா? விளையாட்டாகக் கேட்பது போலத் தோன்றும் இந்தக் கேள்வியில் ஒழுக்கம் பற்றிய சிக்கலொன்றும் இருக்கிறது. குறிப்பிட்ட ஓரிடத்தை மனத்தில் வைத்து அதை எண்ணிப் பார்ப்போம்.

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், நெவாடா எல்லையை ஒட்டி, மரணப் பள்ளத்தாக்கு என்னும் பாலைநிலம் உண்டு. 1994ஆம் ஆண்டு முதல் அது தேசியப் பூங்காவாக விளங்குகிறது. அதன் மிகத் தாழ்ந்த பகுதி கடல் மட்டத்துக்கு 86 மீற்றர் கீழே கிடக்கிறது. 1913 யூலை 10ஆம் நாள் அங்கே 134 பாகை பரனைற், அதாவது ஏறக்குறைய 57 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று.

இத்தகைய இடத்திலேதான் சப்ரிஸ்கி முனை என்னும் பார்வைத் தளம் இருக்கிறது. பெருந்தெருவில் வரும் மோட்டார் வண்டியை நிறுத்திவிட்டு, செப்பனிட்ட சிறு ஏற்றமொன்றில் சில நிமிடங்கள் நடந்தாற் போதும். ஊன்றுகோலுடன் வரும் முதியவரும் கைக்குழந்தையுடன் வரும் தாயும் ஆறுதலாக ஏறிவிடலாம். மேலே போய் நின்றால், மஞ்சளும் பழுப்புமாக மடிப்பு மடிப்பாய் விரியும் மண்குன்றுகள் கண்ணில் படுகின்றன. பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் அங்கிருந்த ஏரியொன்றில் படிந்த சேறும் எரிமலைச் சாம்பலுமே இன்று அக்குன்றுகளாக நிற்கின்றன. அவற்றைச் செதுக்கியது மழைநீர் என்பதுதான் விந்தை. ஆண்டுக்கு இரண்டு அங்குலம்கூடப் பெய்யாத மழை அது. ஆனால் மண்ணைப் பற்றிப் பிடிக்கச் செடிகொடி இல்லாத நிலத்தில், எப்போதாவது கொட்டும் மழை முழுவதும் ஓடி வழிந்து மண்ணை அறுத்துக்கொண்டு போகிறது.

இப்படிப்பட்ட காட்சி பத்து நிமிட நடையில் கிடைப்பது சரியல்ல என்று எண்ணுகிறவர்கள் உளர். வியர்வை சிந்தி மலையேறியவனுக்குத்தான் உச்சி சொந்தம் என்பது அவர்கள் வாதம். நடந்து போனால்தான் யாத்திரை, வாகனத்தில் போனால் உல்லாசப் பயணம் என்று நம்மிடையேயும் சொல்வதுண்டல்லவா? இவ்வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. வண்டியிலிருந்து இறங்கி, ஒரு படம் பிடித்து, அடுத்த இடம் எது என்று கேட்கிறவன் எதையும் கண்டானென்று சொல்வது கடினம். ஆனால் அது பாதையின் குற்றமன்று. முழங்கால் நோவுள்ள ஒரு பாட்டி அதே பாதையால் ஏறி, ஒரு மணி நேரம் வாய் பேசாமல் நின்று பார்க்கக்கூடும். அழகைக் காண்பதற்கு வலிய கால்கள் வேண்டுமென்று விதி செய்ய நாம் யார்?

எனவே, உழைக்காமல் காண்பது தவறென்று நான் சொல்ல வரவில்லை. என் மனத்தை உறுத்துவது வேறொன்று. அங்கே எளிதாக ஏறுகிறவன் உழைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அங்கே எவருமே உழைக்கவில்லை என்பது உண்மையா?

1930களின் பொருளாதார மந்தத்தின்போது, வேலையற்ற இளைஞர்களை அமெரிக்க அரசு ஒரு தொண்டர் படையாகத் திரட்டிற்று. 1933 தொடக்கம் 1942 வரை அந்தப் பள்ளத்தாக்கிற் கூடாரமடித்துத் தெருக்களை வெட்டியவர்கள் அவர்கள். அவர்களுக்கு முன்னரும் அங்கே உழைத்தவர்கள் உண்டு. நம் பொற்கொல்லர் நகை ஒட்டும்போது தூவும் வெண்காரம் அந்த உப்புத் தரையில் விளைந்தது. 1880களில் அதை வாரிச் சேர்த்தவர்கள் சீனத் தொழிலாளர். சேர்த்த வெண்காரத்தைக் கோவேறு கழுதைகள் பூட்டிய பெரிய வண்டிகள் 165 மைல் தொலைவிலிருந்த புகையிரதப் பாதைக்கு இழுத்துச் சென்றன. பார்வைத் தளமோ பிற்காலத்து வெண்காரக் கம்பனியொன்றின் உபதலைவராயிருந்த சப்ரிஸ்கி என்பவரின் பெயரால் வழங்குகிறது. வெயிலில் குனிந்து வாரிய சீனர் எவருடைய பெயராலும் அது வழங்கவில்லை. உலக வழக்கம் அப்படி!

ஆயினும் அந்த முனையிலிருந்து பார்க்கும்போது மண்குன்றுகளுக்கு நடுவே கூராக எழும் சிகரமொன்று இன்னொருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் வில்லியம் லூயிஸ் மான்லி.

1849இல் கலிபோர்னியாவுக்குப் பொன் தேடிப் புறப்பட்ட கூட்டத்தில் சிலர், குறுக்கு வழி இருக்கிறதென்று நம்பித் தெரிந்த பாதையை விட்டு விலகினர். அவ்வருட இறுதியில் அவர்கள் இப்பள்ளத்தாக்கில் வந்து சிக்கினர். மாடுகள் மெலிந்தன, உணவு தீர்ந்தது. சிறு பிள்ளைகளையுடைய பெனற், ஆர்க்கன் குடும்பத்தினரால் மேலே நகர முடியவில்லை. இருபத்தொன்பது வயதினரான மான்லியும் யோன் ரொஜர்ஸ் என்னும் தோழரும் உதவி தேடிக் கால்நடையாகப் புறப்பட்டனர். எதிரே இருந்த பனமின்ற் மலைத்தொடரின் மேல் ஏறி நின்று மேற்கே நோக்கினர். பசுமையை எதிர்பார்த்த கண்களுக்கு மீண்டும் பாலையும் மலையுமே தெரிந்தன.

உயரத்தில் நின்று பார்ப்பது என்பது அவர்களுக்கு அப்படியொரு காரியம். தண்ணீர் எங்கே, வழி எங்கே, பிழைப்போமா என்பதுதான் அவர்கள் கண்ட காட்சி. நாம் பார்க்கும் அழகு அவர்கள் கண்ணில் படவில்லையென்றால், அவர்கள் இரசனையற்றவர்கள் என்பது அதன் பொருளன்று. இயற்கையின் அச்சமூட்டும் வலிமை நமக்கு இன்பம் தருவது நாம் பாதுகாப்பான இடத்தில் நிற்கும்போதுதான் என்று ஜேர்மன் தத்துவஞானி கான்ற் 1790இல் எழுதினார். வண்டியில் தண்ணீர்ப் போத்தல் இருக்கிறது. இரவுக்கு விடுதி இருக்கிறது. அதனாற்றான் பாலைவனம் அழகாயிருக்கிறது. இதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. மறந்துவிடுவதுதான் பொல்லாப்பு.

நூற்றுக்கணக்கான மைல் நடந்து அவ்விருவரும் குடியிருப்புகளைச் சென்றடைந்தனர். அங்கே உணவும் நீரும் நிழலும் இருந்தன. திரும்பிப் போகாவிட்டால் அவர்களைத் தட்டிக் கேட்க ஒருவருமில்லை. செத்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு வாழ்ந்திருக்கலாம். அவர்களோ உணவைக் கட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பினர். கொண்டுவந்த குதிரைகளை வழியிற் கைவிட நேர்ந்தது; ஒரு கண் குருடான கோவேறு கழுதையொன்று மட்டும் அவர்களுடன் வந்து சேர்ந்தது. ஏறக்குறைய இருபத்தாறு நாட்களின் பின்னர் முகாமையடைந்து, பிள்ளைகளை எருதின் முதுகில் ஏற்றி, எல்லோரையும் நடத்தி வெளியே கொண்டுவந்தனர். மான்லி இவற்றையெல்லாம் முதுமையில் எழுதி 1894இல் நூலாக வெளியிட்டார்.

வெளியேறிய அக்கூட்டத்தினர் திரும்பிப் பார்த்துச் சொன்னதுதான் மரணப் பள்ளத்தாக்கு என்ற பெயர் என்பது வழிவழியாக வரும் கதை. ஆனால் அவர்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே ரிம்பிஷா சோசோனி மக்கள் அங்கே வாழ்ந்துவந்தனர். ஊற்றுகள் எங்கேயென்று அவர்களுக்குத் தெரியும். கோடையில் மலைக்கு ஏறுவார்கள். மாரியில் பள்ளத்துக்கு இறங்குவார்கள். வழி தவறியவர்கள் மரணம் என்று பெயரிட்ட இடம் அவர்களுக்கு வீடு. அவ்வீட்டைச் சுற்றிப் பூங்கா அமைத்த அரசு, 2000ஆம் ஆண்டிலேதான் சட்டமொன்றின் மூலம் அவர்கள் நிலத்தில் ஒரு பகுதியை அவர்களுக்கென்று ஒப்புக்கொடுத்தது. இதை அறிந்தவன் அந்தத் தளத்தில் நிற்கும்போது, தான் யாருடைய முற்றத்தைப் பார்க்கிறான் என்பதையும் எண்ணாமலிருக்க முடியாது.

விடியுமுன்னரே அங்கே ஆட்கள் கூடிவிடுவார்கள். கிழக்கிலிருந்து வரும் கதிர் முதலில், தொலைவிலே மான்லி ஏறிய பனமின்ற் மலைகளின் உச்சியைத் தொடுகிறது. பின்னர் மெல்லக் கீழிறங்கி அவர் பெயர் கொண்ட சிகரத்துக்கு வருகிறது. கடைசியாகத்தான் தாழ நிற்கும் மஞ்சள் குன்றுகள் ஒளிபெறுகின்றன. அரை மணி நேரத்தில் வெயில் சுடத் தொடங்கும். பெரும்பாலோர் வண்டிக்குத் திரும்பிவிடுவார்கள். ஒருவர் இருவர் மட்டும் சுவரோரமாக இன்னும் நின்றுகொண்டிருப்பார்கள்.