ஐந்து மணிக்கு வந்தவன்

மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் ஒரு சம்பளக் கதை இருக்கிறது. திராட்சைத் தோட்ட முதலாளி ஒருவர் விடியற்காலையில் சந்தைவெளிக்குப் போய், நாளுக்கு ஒரு தெனாரியம் என்று பேசி ஆள் கூட்டி வருகிறார். அப்புறம் ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் போகிறார். ஐந்து மணிக்குப் போனபோதும் சிலர் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்றால், எங்களை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை என்கிறார்கள். மாலையில் எல்லாருக்கும் அதே ஒரு தெனாரியம். காலையிலிருந்து வெயிலில் வெந்தவன் முணுமுணுக்கிறான்.

பூசையில் இதற்கு நான் கேட்ட விளக்கம் ஒன்றுதான்: கடைசி நேரத்தில் மனம் திரும்பியவருக்கும் விண்ணரசில் இடமுண்டு. தப்பில்லை. ஆனால் கூலிக் கதையில் கூலியைப் பற்றி மட்டும் நாம் ஏன் பேசுவதே இல்லை?

நான் முணுமுணுத்தவன் கட்சி. கட்டுமானத் தளத்தில் ஆட்களின் நேர அட்டையில் கையெழுத்துப் போடுகிறவன். ஒருநாள் காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. கான்கிரீட் போட முடியவில்லை. பங்களாதேஷ் தொழிலாளர்கள் மாலைவரை கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். அட்டையில் இரண்டு மணி நேரம் என்று எழுதினேன். வேலை இல்லன்னா சம்பளம் இல்ல, பேசுனதுதானே!

வீட்டில் இதைச் சொன்னபோது பாட்டி கேட்டார், "ஏன்யா, மழைய அவனுங்களா வரவச்சானுங்க?"

பாட்டி பால்மரம் வெட்டியவர். இருட்டிலேயே பெரட்டுக்குப் போய், மரம் நனைந்திருந்தால் வெறுங்கையோடு திரும்பியவர். அன்றைக்குப் பேர் விழாது. "மழைன்னா வயிறு சும்மா இருக்குமா?"

தெனாரியம் அந்தக் காலத்துத் தொழிலாளியின் ஒருநாள் கூலி. அதில் பாதி கொடுத்தால் வீட்டில் பாதி வயிறுதான். முதலாளி மணிக்கணக்கைப் பார்க்கவில்லை, பசியைப் பார்த்தார். 1891இல் போப் பதின்மூன்றாம் லியோ 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் இதையே வாதமாக்கினார்: இருவரும் சம்மதித்துப் பேசிய கூலியாக இருந்தாலும், சிக்கனமான தொழிலாளி பிழைக்க அது போதாதென்றால் நியாயமில்லை. வேறு வழியில்லாமல் ஒத்துக்கொள்வது சம்மதம் ஆகாது. என்னுடைய 'பேசுனதுதானே' அங்கேயே உடைகிறது.

ஐந்து மணிக்கு வந்தாலும் முழுக்கூலி என்றால் நாளைக்கு ஆறு மணிக்கு யார் வருவார்? இந்தக் கேள்வியை நான் விட்டுவிடவில்லை. ஆனால் முணுமுணுத்தவனுக்குக் கூலி குறையவில்லை. இன்னொருத்தன் தனக்குச் சமமாகிவிட்டதுதான் அவன் புகார். என் புகாரும் பல சமயம் அதுதான்.

முதலாளியோடும் எனக்கு ஒரு சண்டை உண்டு. என் பணம், என் இஷ்டம் என்கிற மாதிரித்தான் அவர் பதில் இருக்கிறது. அவர் நல்லவர், சரி. நாளைக்கு வேறு முதலாளி வந்தால்? தாராள மனசு ஒருநாள் கூலியைத்தான் தரும். அதே சந்தைவெளியில் மறுநாளும் அவர்கள் நிற்க வேண்டும்.

கதையில் அவர் பொழுது சாயும்போதே கூலி கொடுப்பது மட்டும் அவர் இஷ்டமில்லை. அது சட்டம். இணைச்சட்ட நூல் 24ஆம் அதிகாரம், ஏழைக் கூலியாள் சொந்த இனத்தானோ அந்நியனோ, சூரியன் மறையுமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொல்கிறது. இரக்கத்துக்கும் காலூன்ற ஒரு சட்டம் வேண்டியிருக்கிறது.

அந்த அட்டையை நான் திருத்தவில்லை. அடுத்த ஒப்பந்தத்தில் மழை நாளுக்கும் சம்பளம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி மேலே எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. நேற்றும் மழை. அட்டையில் எட்டு மணி நேரம் என்று எழுதிவிட்டு, யாராவது கேட்பார்களா என்று பயந்துகொண்டே கையெழுத்துப் போட்டேன்.