கூலியேட்டின் சாட்சியம்

நன்மையை நன்மைக்காகவே செய்தல் வேண்டுமா, பயன் கருதிச் செய்ததும் நன்மையாகுமா என்பது அறநூலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினா. அவ்வினாவை இன்று வரிச்சட்டமொன்று புதிய கோலத்தில் நம்முன் நிறுத்துகின்றது.

அமெரிக்க நாட்டில் 2022 ஆகஸ்டு 16 அன்று பணவீக்கக் குறைப்புச் சட்டம் ஒப்பமிடப்பெற்றது. தூய ஆற்றல் நிலையங்களை அமைப்போர்க்கு அது வரிச்சலுகை வழங்கியது. முதலீட்டுச் சலுகையின் அடிப்படை அளவு 6 விழுக்காடு. அவ்வட்டாரத்தில் அத்தொழிலுக்கென அரசு வரையறுத்த கூலியைக் குறைவின்றிக் கொடுத்து, தொழில் பயில்வோர்க்கும் உரிய இடமளித்தால் அது 30 விழுக்காடாக உயரும். காற்றாலை, சூரிய மின்னிலையங்களுக்கான சலுகைக் காலத்தை 2025ஆம் ஆண்டுச் சட்டம் சுருக்கிற்று. கூலி நிபந்தனையை நீக்கவில்லை.

கூலி கொடுத்தால் மட்டும் போதாது; கொடுத்தமையை ஏட்டால் நிறுவவும் வேண்டும். எவர், எப்பணியை, எத்தனை மணி நேரம் செய்தார், என்ன பெற்றார், எவை பிடிக்கப்பட்டன என்பனவெல்லாம் பதிவாதல் வேண்டும். உள் ஒப்பந்தக்காரரிடம் உழைத்தவருக்கும் சலுகை கோருபவரே பொறுப்பு.

“கொடுத்தது கொடுத்ததுதானே, எழுதாமையால் அது கொடாததாகிவிடுமா?” என்று சிலர் வினவலாம். ஆகாதுதான். ஆனால், கொடுக்கப்படாதவனின் நிலை என்ன? எழுத்தில்லாத இடத்தில் வலியவன் சொல்லே வெல்லும். ஆதலால், மெய்ப்பிக்கும் சுமையை ஏடு வைத்திருப்பவன்மீது ஏற்றுவதே நீதி.

எனினும், ஏடும் பொய்யுரைக்க வல்லது. மின்பணி செய்தவனைச் சுமையாள் என்றெழுதினால் கணக்குப் பிழையின்றி இருக்கும். கூலி களவு போயிருக்கும். ‘பயில்பவன்’ என்னும் பெயரும் அத்தகையதே. பதிவுபெற்ற பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தவனுக்கன்றிப் பிறருக்கு அப்பெயரால் கூலியைக் குறைக்க இயலாது என்று சட்டம் தடுத்தது அதனாலேயே. 2023க்குப் பின் தொடங்கிய கட்டுமானங்களில் உழைப்பு நேரத்தில் 15 விழுக்காடு பயில்வோருக்குரியது. ஆனால் முறைப்படி ஆள் கேட்டு, மறுமொழி கிட்டவில்லையெனின் விலக்குண்டு. ஆள் கிடைக்கவேண்டும் என்று கேட்பவனும் உளன். கிடைக்கலாகாது என்று கேட்பவனும் உளன். இருவர் கடிதமும் கோப்பில் ஒன்றாகவே காட்சியளிக்கும்.

இங்கொரு நுட்பத்தைக் கருதுக. கூலி குறைந்தால் குறையை வட்டியுடன் தீர்த்து, ஆளொன்றுக்கு 5,000 டாலர் தண்டமும் செலுத்தலாம். அறிந்தே புறக்கணித்திருந்தாலோ குறை மும்மடங்காகும். தண்டம் 10,000 டாலராகும். கொடுப்பவனின் நோக்கத்தைச் சட்டம் ஆராயவில்லை. பறிப்பவனின் நோக்கத்தையே ஆராய்கின்றது.

அதுவே தக்க முறை என்பேன். முதலாளியின் உள்ளம் தூய்மையுறும்வரை தொழிலாளியின் அடுப்புக் காத்திராது. சலுகை வேண்டிக் கொடுத்த கூலியும் அவனுக்கு முழுக் கூலியே. ஆனால், கொடுத்தவன் அதனைத் தன் அறமென்று பெருமை கொள்ளல் தகாது. அது கடன், கடனைத் தீர்த்தவன் வள்ளலாவதில்லை. சலுகை ஒருநாள் முடிந்துபோகும். அதன்பின்னும் அதே கூலி அவ்வேட்டில் எழுதப்படுமாயின், அன்றே அவன் அறம் தொடங்குகின்றது.