தேய்ந்த இஞ்சினும் தேய்ந்த மனிதனும்

உழைத்துத் தேய்ந்துபோன ஒன்றை நீக்கிவிட்டு, அதனிடத்திலே புதியதொன்றை வைப்பது நன்றி கொன்ற செயலாகுமா? இக்கேள்வி பெரிய தத்துவ நூல்களிலே மாத்திரம் எழுவதன்று. வீட்டுக் கொல்லையிலே, எண்ணெய்க் கறை படிந்த ஒரு சிறு யந்திரத்தின் முன்னிலையிலும் எழுவதேயாம். ஆகவே அங்கிருந்தே இதனை ஆராயப் புகுவோம்.

மின்சாரக் கம்பி எட்டாத இடங்களிலே வாழ்வோரில் கைத்திறன் உடையோர், தமக்கு வேண்டிய மின்சார யந்திரத்தைத் தாமே அமைத்துக்கொள்வதுண்டு. இரும்புச் சட்டம் ஒன்று, அதன் ஒரு புறத்திலே, புல் வெட்டும் யந்திரத்திலிருந்தோ நீரிறைக்கும் யந்திரத்திலிருந்தோ கழற்றிய சிறு பெட்ரோல் இஞ்சின், மறுபுறத்திலே டைனமோ, இரண்டையும் இணைக்கும் பெல்ட்டு. இவ்வளவே அதன் உருவம். சில விளக்குகளுக்கும் ஒரு விசிறிக்கும் இது போதும்.

இதிலே முதலில் தளர்வது பெரும்பாலும் இஞ்சினேயாம். டைனமோவிலே ஒன்றோடொன்று உராயும் உறுப்புகள் மிகச் சில. இஞ்சினிலோ, தண்டு ஒரு நிமிஷத்திலே 3,000 முறை சுழல, ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கிச் சிலிண்டரின் சுவரை உராய்கின்றது. நாளடைவிலே பிஸ்டன் வளையங்கள் தேயும், அழுத்தம் குறையும், எண்ணெய் மேலேறி எரிந்து நீலப் புகையாய் வெளிப்படும். கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் எளிதிலே கிளம்பாது. கிளம்பினாலும் பாரம் ஏற்றியவுடன் விளக்குகள் மங்கும்.

இந்நிலை கண்டதும் சிலர் பழைய இஞ்சினைக் குப்பையிலே எறிந்துவிடத் துணிவர். இஃது அவசரம். பிளக்கிலே கரி படிந்திருக்கலாம். கார்பரேட்டரின் சிறு துவாரம் அடைபட்டிருக்கலாம். வால்வு சரியாக மூடாதிருக்கலாம். இவை யாவும் துடைத்தும் தேய்த்தும் தீரக்கூடிய குறைகள். வளையங்கள் மாத்திரம் தேய்ந்திருப்பின் அவற்றையே மாற்றலாம். சிலிண்டரே பழுதுற்று, செப்பனிடும் செலவு புதிய இஞ்சினின் விலையை நெருங்கும்போதுதான் அதனை விலக்குவது நியாயமாகும். விசாரணையின்றித் தீர்ப்பளிப்பது யந்திரத்தின் விஷயத்திலுங்கூட அறிவுடைமையன்று.

புதியதைப் பொருத்துவதற்கும் நிதானம் வேண்டும். தண்டின் பருமன் என்ன, அது படுக்கையாய் நிற்பதா செங்குத்தாய் நிற்பதா, எப்பக்கம் சுழல்வது, அடிச்சட்டத்தின் போல்ட்டுத் துளைகள் ஒத்து வருமா என்பனவெல்லாம் அளந்தறிய வேண்டியவை. ஒரு குதிரைச் சக்தி 746 வாட்டு எனக் கணக்குச் சொல்லினும், பெல்ட்டிலும் சுருளிலும் வீணாவதைக் கருதி, 1,000 வாட்டுக்கு ஏறக்குறைய 2 குதிரைச் சக்தி வைத்துக்கொள்வது வழக்கம். வேகமோ இன்னும் முக்கியமானது. நான்கு துருவமுள்ள டைனமோ நிமிஷத்துக்கு 1,500 முறை சுழன்றால், நம் நாட்டு விளக்குகளும் விசிறிகளும் எதிர்பார்க்கும் 50 சுழற்சி மின்சாரம் கிடைக்கும். 3,000 சுற்று இஞ்சினுக்கென அமைத்த கப்பிகளை அப்படியே விட்டுவிட்டு, 3,600 சுற்றிலே ஓடும் புதிய இஞ்சினை வைத்தால், 60 சுழற்சி வரும், மின்னழுத்தமும் ஏறும், விளக்குகளுக்கும் விசிறிக்கும் கேடு. புதியது என்பதற்காகவே ஒன்று நன்மை செய்துவிடாது என்பதை இதனாலும் அறிகின்றோம்.

நிற்க. இஞ்சின் மாறிய பின்னர், அது அதே மின்சார யந்திரந்தானா? இது பழைய வழக்கு. ஏதென்ஸ் நகரத்தார் தீசியஸ் என்னும் வீரனின் கப்பலைப் பாதுகாத்து, உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாய் மாற்றி வந்தனர் என்றும், அது அதே கப்பலா வேறு கப்பலா என்று தத்துவ அறிஞர்கள் வாதிட்டனர் என்றும், கி.பி. முதல் நூற்றாண்டிலே பிறந்த கிரேக்க ஆசிரியர் புளூட்டார்க் எழுதி வைத்தார். அறிஞர் எவ்வாறு வாதிடினும், வீட்டாருக்கு இதிலே ஐயமில்லை. மாலையிலே விளக்கு எரிகின்றது. ஆகவே அது நம் பழைய யந்திரமே என்பர். யந்திரத்தை நாம் வைத்துக்கொண்டதே அதன் வேலைக்காக. வேலை தொடரின் யந்திரமும் தொடர்ந்ததாகவே கொள்ளப்படும்.

இவ்வாதத்தை மனிதன்மேல் வைத்துப் பாருங்கள். ஒரு குடும்பத்தின் தந்தை நோயால் வீழ்ந்தார். அவர் ஈட்டிய அளவே ஈட்டக்கூடிய வேறொருவரைக் கொணர்ந்து அவரிடத்திலே அமர்த்தி, “உங்கள் குடும்பத்திலே குறைவொன்றுமில்லை” என்று மொழிந்தால், அச்சொல்லை எந்தப் பிள்ளை பொறுத்துக்கொள்ளும்? வேலை நிறைந்தது, மனிதன் நிறையவில்லை. 1785-ஆம் ஆண்டிலே வெளியிட்ட தமது ஒழுக்க நூலிலே ஜெர்மானிய அறிஞர் காண்ட், விலையுடைய பொருளின் இடத்தைச் சமமான வேறு பொருளால் நிரப்பலாமென்றும், விலைக்கு அப்பாற்பட்டதற்கோ அத்தகைய ஈடு இல்லையென்றும் பிரித்துக் காட்டினார். இஞ்சின் முதல் வகை. மனிதன் இரண்டாம் வகை.

இவ்விரு வகையையும் கலந்துவிடுவதனால் விளையும் தீமையை மலாயா நன்கு அறியும். 1930-ஆம் ஆண்டு தொடங்கி ரப்பர் விலை வீழ்ந்தபோது, பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். விலை தேறியபோது, 1934-ஆம் ஆண்டிலே, ஆள் கொணர்தல் மீண்டும் தொடங்கிற்று. கணக்குப் புத்தகத்திலே இதில் பிழையொன்றும் தோன்றாது. வேலை குறைந்தது, கைகள் குறைக்கப்பட்டன. வேலை வந்தது, கைகள் சேர்க்கப்பட்டன. பெல்ட்டைக் கழற்றி மீண்டும் மாட்டுவது போன்ற இக்கணக்கிலே, அக்கைகளுக்குரிய மனிதரும், அவர்தம் மனைவி மக்களும், அவர்கள் அழித்த காடும், நட்ட மரமும் எந்த வரியிலும் இடம்பெறவில்லை.

“முதுமையால் மரத்திலே பால் வெட்ட இயலாதவரையும் வேலையிலேயே வைத்திருக்க வேண்டுமோ?” என்று சிலர் வினவுவர். அன்று. தளர்ந்தவரை வேலையிலிருந்து விடுவிப்பது அறமேயாம். நாம் சொல்வது யாதெனில், போல்ட்டைக் கழற்றியவுடன் இஞ்சினுக்கும் நமக்கும் உள்ள தொடர்பு முடிந்துபோகின்றது; வேலையை விட்டு விடுவித்தவுடன் மனிதனுக்கும் நமக்கும் உள்ள தொடர்பு முடிந்துபோவதில்லை. மலாயாவிலே 1951-ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதியும், சிங்கப்பூரிலே 1955-ஆம் ஆண்டு மத்திய சேமநிதியும் ஏற்பட்டது இவ்வுண்மையைச் சட்டம் ஒருவாறு ஒப்புக்கொண்டதற்கு அடையாளம். ஆனால் சேமநிதி பணத்தையே தரும். உழைத்தோய்ந்தவரைத் திண்ணையிலே கிடக்கும் பழம்பொருளாய் எண்ணாத மனத்தை அது தர இயலாது. அதனை ஒவ்வொரு வீடும் தானே உண்டாக்கிக்கொள்ளல் வேண்டும்.

இதற்கு மறுதலையான மயக்கமும் ஒன்றுண்டு. “பாட்டனார் தம் கையால் பூட்டியது, அதை மாற்றலாகாது” என்று, புகை கக்கும் இஞ்சினைக் கட்டிக் காப்போர் உளர். எந்தப் பெட்ரோல் இஞ்சினின் புகையிலும், மணமும் நிறமும் இல்லாத, உயிரைப் போக்கவல்ல கார்பன் மானாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டு. தேய்ந்து, சீர்கெட்டு ஓடும் ஒன்றைச் சன்னலருகே வைத்துவிட்டு அறைக்குள்ளே பிள்ளைகளை உறங்கச் செய்வது எவ்வகை நன்றி? பாட்டனாருக்குச் செய்யும் கைம்மாறு, அவர் அளவெடுத்துச் சட்டம் அமைத்த அறிவைக் கற்றுக்கொள்வதே. இரும்புக்கு நாம் கடன்பட்டவர்களல்லோம். அதனை அமைத்தவருக்கே கடன்பட்டோம்.

ஆகவே, தேய்ந்த இஞ்சினை அஞ்சாது மாற்றுங்கள். அதன் நல்ல போல்ட்டுகளையும் பயன்படும் உறுப்புகளையும் எடுத்துக்கொண்டு, எஞ்சியதைத் தொழில் பழகும் சிறுவன் கையிலே கொடுங்கள். பிரித்துப் பார்த்துக் கற்கட்டும். அச்சிறுவனுக்குக் கற்பிக்க ஆள் வேண்டுமாயின், கண் மங்கி, கை நடுங்கி, வேலையினின்று நின்றுவிட்ட பழைய தொழிலாளி எவரேனும் உங்கள் தெருவிலேயே இருப்பார். அவரை அழைத்து அருகே அமர்த்துங்கள்.