கேட்பதும் ஏற்பதும்

கிறிஸ்தவ ஜெபத்தில் இரண்டு செயல்கள் பிணைந்திருக்கின்றன. ஒன்று, வேண்டியதைக் கடவுளிடம் கேட்பது. மற்றது, அவருடைய சித்தத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுப்பது. இவை ஒன்றோடொன்று முரண்படுவதுபோல் தோன்றும். நடக்கப்போவது தேவசித்தம்தான் என்றால் கேட்பானேன்? கேட்டால் கிடைக்கும் என்றால் ஒப்புக்கொடுப்பானேன்? வேதாகமம் இரண்டையும் விட்டுக்கொடுப்பதில்லை. கேட்கும் முன்பே பிதா தேவையை அறிந்திருக்கிறார் என்கிறது மத்தேயு நற்செய்தி. நீதிபதியை விடாமல் நச்சரித்து நியாயம் பெற்ற விதவையை லூக்கா முன்மாதிரியாக நிறுத்துகிறது. கெத்செமனே தோட்டத்தில் இயேசு, வரவிருக்கும் பாடு தம்மை விட்டு நீங்க வேண்டும் என்று கேட்டார்; அதே ஜெபத்திலேயே பிதாவின் சித்தத்துக்கு ஒப்புக்கொடுத்தார். தம்மை வருத்திய 'முள்' நீங்கும்படி பவுல் மூன்று முறை வேண்டிக்கொண்டார். அது நீங்கவில்லை.

கேட்டது கிடைப்பதே ஜெபத்தின் பயன் என்ற கணக்கு நடைமுறையில் நிற்காது. நாமக்கல் மாவட்டத்தின் பரமத்தி வேலூர் வட்டாரத்தையே பார்க்கலாம். வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் வைத்திருப்பவர் மழையை எதிர்பார்ப்பார். ராஜவாய்க்காலில் தண்ணீர் வர வேண்டும் என்பார். அதே ஊரில் கரும்பாலை நடத்துபவருக்கு வெயில் வேண்டும். களத்தில் பரப்பிய சக்கை நனைந்துவிட்டால் அடுப்பு எரியாது. அடுப்பு எரியாவிட்டால் கொப்பரையில் பாகு காயாது. இருவரும் உண்மையான பக்தியோடு ஒரே வாரத்தில் வேண்டினாலும் இரண்டு வேண்டுதலும் அப்படியே நிறைவேற வழியில்லை. ஒருவருக்குக் கிடைக்காமல் போவது அவருடைய விசுவாசக் குறைவு ஆகாது.

இதற்குத் திருச்சபையின் சிந்தனையாளர்கள் இரு வகையில் விடை சொன்னார்கள். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புரோபா என்ற ரோமானியக் கைம்பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில் அகஸ்தீன், கடவுளுக்குத் தகவல் தெரிவிப்பதற்காக யாரும் ஜெபிப்பதில்லை என்றார். கடவுள் கொடுக்கவிருப்பதைப் பெறும் அளவுக்கு மனத்தின் ஏக்கம் விரிவதே ஜெபத்தின் பயன் என்பது அவர் கருத்து. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் வேறு கோணத்தில் அணுகினார். மனிதர் செய்யும் செயல்கள் எப்படிக் கடவுளின் ஏற்பாட்டுக்குள் அடங்கியிருக்கின்றனவோ, அப்படியே ஜெபமும் அடங்கியிருக்கிறது என்றார். ஜெபம் அந்த ஏற்பாட்டை மாற்றுவதில்லை. ஜெபத்தின் வழியாக வர வேண்டியது என்று அதில் வகுக்கப்பட்டதைப் பெற்றுத் தருகிறது.

கேட்பது ஏன் என்ற வினா இவற்றால் ஓரளவு தெளிகிறது. எதை ஏற்றுக்கொள்வது, எதை எதிர்த்து நிற்பது என்ற அறநெறி வினா மட்டும் அப்படியே நிற்கிறது. நாமக்கல் சமவெளிக்கு மேலே நிற்கும் கொல்லிமலையில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் வரலாறு அதற்கு வெளிச்சம் தருகிறது.

ஜெஸ்ஸி பிராண்ட் 1907இல் இங்கிலாந்திலிருந்து மிஷனரியாக வந்தவர். 1913இல் எவலினை மணந்தார். இருவரும் கொல்லிமலையில் குடியேறினார்கள். ஜெஸ்ஸி மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். வெப்பமண்டல நோய்களில் சிறிது பயிற்சி பெற்றிருந்தார். மலையில் அப்போது நரம்புச் சிலந்தி நோய் பரவலாக இருந்தது. குடிநீரோடு உடலுக்குள் போகும் புழு ஏறக்குறைய ஓராண்டில் முழம் கணக்கில் வளர்ந்து, காலில் கொப்புளம் கட்டி வெளியே தலை நீட்டும். அதை ஒரு குச்சியில் நாளுக்குச் சிறிதாகச் சுற்றி இழுக்க வேண்டும். அறுந்துவிட்டால் உள்ளே தங்கிய பகுதி சீழ்பிடித்துப் புண்ணாகும். புழு நீட்டிய காலோடு ஒருவர் கிணற்றில் இறங்கினால் அடுத்த தலைமுறைப் புழு தண்ணீரில் கலந்துவிடும். பிராண்ட் நோயாளிகளுக்காக ஜெபித்தார், புழுக்களைச் சுற்றி எடுத்தார். தண்ணீரைத் துணியில் வடிகட்டவும், யாரும் கால் வைக்காதபடி கிணற்றுக்குச் சுவர் எழுப்பவும் மக்களுக்குக் கற்றுக்கொடுத்தார். நோயைத் தலைவிதி என்றோ தெய்வச் செயல் என்றோ விட்டுவிட அங்கே எளிதாக இடம் இருந்தது. வடிகட்டினால் தடுக்கக்கூடிய ஒன்றைத் தேவசித்தம் என்று அவர் கருதவில்லை. 2000ஆம் ஆண்டில் இந்தியாவில் இந்நோய் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தபோது, அதற்குப் பின்னால் இருந்ததும் பெரும்பாலும் இதே வழிமுறைதான். தடுப்பூசியோ தனி மருந்தோ இந்நோய்க்கு இல்லை.

1929 ஜூனில் ஜெஸ்ஸி பிராண்ட் கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். மகன் பால் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தான், வயது 14. சாவுச் செய்தி தந்தியில் போய்ச் சேர்ந்த பிறகும், தந்தை முன்பே எழுதிய கடிதங்கள் கப்பல் தபாலில் வந்துகொண்டிருந்தன. ஏற்பதைத் தவிர வேறு வழியில்லாத இழப்பு இது. இங்கே ஒப்புக்கொடுத்தல் என்பது, கணவர் இறந்தது நல்லதே என்று எவலின் சொல்வதன்று. இறந்துவிட்டார் என்பதை வைத்துக்கொண்டு மேலே வாழ்வது. அழுவதும் முறையிடுவதும் அதற்கு விரோதமில்லை. சங்கீதங்களில் பல முறையீடுகளே.

எவலினின் பிற்கால வாழ்க்கை இன்னும் சிக்கலானது. மிஷன் அவரை மலைக்குத் திருப்பி அனுப்ப விரும்பவில்லை. 1947இல் ஏறக்குறைய 68 வயதில் பணி ஓய்வு பெற்றதும், மிஷனின் பொறுப்பில் இல்லாமல் தாமாகவே மலையேறினார். மூங்கில் கழிகளை ஊன்றி நடந்து, ஊர் ஊராகப் போய் மருந்து கொடுத்தார். 1974 டிசம்பரில் 95 வயதில் மறைந்தார். மிஷன் மூத்தோரின் முடிவைத் தேவசித்தமாக ஏற்றிருக்க வேண்டாமா என்று கேட்கலாம். வயதை மனத்தில் வைத்து மிஷன் தயங்கியதில் நியாயம் இருந்தது. தனக்குப் பிடித்ததைத் தேவசித்தம் என்று பெயர் சூட்டிக்கொள்ளும் ஆபத்தும் பக்தர்களுக்கு எப்போதும் உண்டு. ஆனால் அவருடைய தெரிவில் சம்பளமோ வசதியோ பதவியோ இல்லை. பாரத்தில் பெரும்பங்கு அவர் தோள்மேலேயே விழுந்தது. ஒரு முடிவு தேவசித்தம்தானா என்பதை இது நிரூபித்துவிடாது. அது வெறும் சுயவிருப்பமா என்று சோதிக்க மட்டும் இது உதவும்.

பால் பிராண்ட் பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். விரல்கள் குறைந்துபோவதற்குக் காரணம் நோய் தசையைத் தின்பதல்ல, உணர்வற்ற கை சுட்டாலும் வெட்டினாலும் தெரியாமல் போவதே என்று அவர் காட்டினார். வலி ஒரு கொடை என்று எழுதியவரும் அவரே. ஆயினும் வலியை மதித்தவர் நோயை அப்படியே விட்டுவைக்கவில்லை. தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து, மடங்கிப்போன விரல்களை இயங்கவைத்தார்.

அடுத்தவரின் துன்பத்துக்குத் தேவசித்தம் என்று காரணம் சொல்வது இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது. யோபுவின் நண்பர்கள் அவருடைய துயரத்துக்குக் காரணம் கண்டுபிடித்துச் சொன்னார்கள். முடிவில் கண்டனம் பெற்றவர்கள் அவர்களே. பசித்தவரை வாழ்த்தி மட்டும் அனுப்புவதை யாக்கோபின் நிருபம் கண்டிக்கிறது. துன்பப்படுகிறவர் தம் வாயால் சொல்லும்போது ஒப்புக்கொடுத்தலாக இருக்கும் சொல், பக்கத்தில் நிற்பவர் சொன்னால் கைகழுவலாகிவிடும். குழந்தையை இழந்த பெற்றோரிடம் அதைச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. தீர்க்கக்கூடிய துன்பத்தில் ஜெபிக்கிறவருக்குக் கைவேலையும் உண்டு. தீராத துன்பத்தில் அவரவர் தமக்காக மட்டும் ஒப்புக்கொடுக்கலாம். எது எந்த வகை என்று தெரியாத இடத்தில், கேட்பதையும் உழைப்பதையும் நிறுத்தாமல் இருப்பதே வேதாகம மாதிரிகளுக்குப் பொருந்தும்.