இலையில் ஒரு பிடி

சர்க்கரை குறைந்துவிட்டது. அதில் எனக்குப் புகார் இல்லை. மூன்று மாதச் சராசரி 8.9இல் இருந்தது, இப்போது 6.3. சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு முட்டை, மீன், கீரை, பருப்பு உசிலி, ஒரு கை நிலக்கடலை என்று வாழப் பழகிவிட்டேன். ஆரம்பிக்கும் முன்பே டாக்டர் கிளிமிபிரைடு மாத்திரையைப் பாதியாக்கினார். மாவுச்சத்தை வெட்டிவிட்டு அதைப் பழைய அளவிலேயே போட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, விழுந்துவிடுவீர்கள் என்றார். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. மனதை அரிப்பது வேறு: மன்னார்குடிப் பக்கம் அத்தை வீட்டில் என் இலையில் விழுந்த ஒரு பிடிச் சோறு.

அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. சோறு சாப்பிடுவதில்லை என்று போனிலேயே சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை என்பதால் கவுச்சி கிடையாது. வாழைப்பூ உசிலி, கீரை மசியல், கூட்டு, அவியல் என்று இலை நிறைய வைத்தார். நடுவில் மட்டும் காலி. “இலை மூளியா இருக்குப்பா” என்று சொல்லிக்கொண்டே, நான் கையைக் குறுக்கே நீட்டுவதற்குள், எலுமிச்சம்பழ அளவுக்குச் சோறு வைத்து அதன் தலையில் நெய்யையும் விட்டுவிட்டார். சுற்றிலும் இருந்ததையெல்லாம் சாப்பிட்டேன். அதைத் தொடவில்லை. இலையை மூடும்போது பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மோர் கொண்டுவரட்டுமா என்று மட்டும் கேட்டார்.

அந்த நெய்யை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்பாவுக்குச் சர்க்கரை வந்த காலத்தில் நெய், தேங்காய் இரண்டும் வீட்டைவிட்டுப் போயின. ராத்திரிக்கு மட்டும் சப்பாத்தி என்று ஒரு டாக்டர் சொல்ல, அப்பா நான்கு சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் சாப்பிட்டுவிட்டுப் பத்தியம் காத்த திருப்தியோடு படுப்பார். நூறு கிராம் அரிசியில் மாவுச்சத்து எழுபதுக்கு மேல் என்றால், கோதுமையும் கேழ்வரகும் அதற்கு அதிகம் பின்தங்கியவை அல்ல என்று அன்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இன்று எனக்கு நெய் பரவாயில்லை, சோறுதான் ஆகாது. அத்தை வைத்த பிடியில் மேலே இருந்தது மருந்து, கீழே இருந்தது நோய். என் பேரனுக்கு எதைத் தடுப்பார்களோ.

இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று ஐசிஎம்ஆர் நடத்திய ‘இன்டியாப்’ (ICMR-INDIAB) சர்க்கரை நோய் ஆய்வு சொல்கிறது. எங்கள் வீட்டுக் கணக்கு அதையும் தாண்டியிருக்கும். குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. சோற்றை நிறுத்திய பிறகுதான் ஒன்று உறைத்தது. நம் குழம்பு தனியாகச் சாப்பிடுவதற்கென்று செய்யப்பட்டதே அல்ல. அதன் புளி, உப்பு, காரம் மூன்றுமே சோற்றில் பாதி கரைந்துபோகும் என்ற நம்பிக்கையில் போடப்படுபவை. வத்தக்குழம்பைச் சும்மா ஒரு கரண்டி குடித்துப் பாருங்கள். தூண் ஒன்றை உருவினால் கூரை முழுவதும் சாய்வதுபோல, சோறு போனதும் சமையலே கோணலாகிவிட்டது. என் மனைவி புளியையும் உப்பையும் குறைத்து ஏதோ ஒன்று செய்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. குழம்பு என்று சொல்ல மனம் வரவில்லை.

அந்தப் பிடிக்கு வருகிறேன். தாத்தா களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ‘லாபம்’ என்று சொல்லித்தான் எண்ணத் தொடங்குவார். இலையில் நாலு பருக்கை மிஞ்சினாலும் எங்களை எழுந்திருக்கவிட மாட்டார். அடிக்க மாட்டார், பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார், அது போதும். 1967 தேர்தலில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்பது வாக்குறுதியாக இருந்ததென்றால் அரிசிக்கு எவ்வளவு தட்டுப்பாடு இருந்திருக்கும் என்று யோசிக்கலாம். பட்டணத்துச் சொந்தங்கள் பையோடு வந்து எங்கள் பத்தாயத்தடியில் நின்ற வருஷங்கள் அவை. அந்தத் தாத்தாவின் மகள்தான் இலையில் சோறு வைத்தது.

கல்லூரியில் படித்த மணிமேகலையில் இரண்டு மூன்று இடங்கள்தான் மனதில் தங்கியிருக்கின்றன. ஒன்று காயசண்டிகை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் நாவல் கனியை ஒரு முனிவர் வைத்திருக்க, இவள் அதைக் காலால் சிதைத்துவிடுகிறாள். சாபம், யானைத்தீ என்னும் தீராப் பசி. எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது. சர்க்கரை நோயும் ஏறக்குறைய அதுதான்: ரத்தம் முழுக்கச் சர்க்கரை ஓடும், செல்கள் பட்டினி கிடக்கும். அதிலும் நாவல் கனி! சர்க்கரைக்கு நல்லது என்று நாவல் கொட்டைப் பொடி அனுப்பிய உறவினர்களின் பட்டியல் என்னிடம் உண்டு. சாத்தனார் நம் நோயைப் பாடினார் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவள் பசி எதில் தீர்ந்தது? அமுதசுரபியிலிருந்து மணிமேகலை எடுத்துக் கொடுத்த ஒரு பிடிச் சோற்றில்.

இந்த ஒற்றுமை எனக்கே பிடிக்கவில்லை, அளவுக்கு மீறிப் பொருந்துகிறது. குளுக்கோமீட்டருக்குக் காப்பியம் தெரியாது. சரி, அதன் மொழியிலேயே பேசுவோம். எலுமிச்சம்பழ அளவுச் சோறு முப்பது கிராம் இருக்கலாம், அதில் மாவுச்சத்து பத்து கிராம்கூட வராது. சாப்பிட்டிருந்தால் இரண்டு மணி நேரம் கழித்துக் கருவி பெரிதாக எதையும் காட்டியிருக்காது. அப்படியானால் நான் காத்தது சர்க்கரையை அல்ல. ஒரு பிடி சாப்பிட்டால் இரண்டாவது பிடிக்குக் கை போகும் என்கிற பயத்தை. எனக்கு அறவே விடுவது எளிது, கொஞ்சமாக வைத்துக்கொள்வது கடினம். இந்தப் பயம் நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சோறு என் பசிக்காக வைக்கப்பட்டதா, அத்தையின் கண்ணுக்காகவா? கண்ணுக்காக என்றால், அதைத் தீர்த்துவைக்கும் பொறுப்பு என் கணையத்துக்கு உண்டா? ஒரு நாள் உண்டு என்று தோன்றுகிறது, மறுநாள் இதென்ன அசட்டுத்தனம் என்று தோன்றுகிறது.

ஆவணியில் அத்தையின் கொள்ளுப்பேத்திக்குக் காதுகுத்து. பந்தியில் என்ன செய்வீர்கள் என்று மனைவி கேட்டாள். யார் பரிமாறுகிறார்கள் என்பதைப் பொறுத்தது என்றேன். இது ஒரு பதிலா என்றாள். இல்லைதான்.