கல்விக் கடனைத் தீர்ப்பவர் யார்?

1945ஆம் ஆண்டில் கன்னங்கராவின் முயற்சியால் இலங்கையில் பல்கலைக்கழகம் வரையிலான கல்வி கட்டணமற்றதாயிற்று. அதே ஆண்டில் அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார். கட்டணம் நீங்கினும் உணவு, உறைவிடம், நூல் ஆகியவற்றின் செலவு ஏழையை விட்டு நீங்குவதில்லையன்றோ!

2022 ஏப்ரலில் அந்நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது நின்றது. இத்தகைய வேளையில், “பயன் பெறுபவரே பணம் தரட்டும்” என்னும் வாதம் வலுப்பெறுவது இயல்பே. அதில் நியாயம் இல்லாமலில்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கும் தாய் கடையில் வாங்கும் பொருளுக்கும் வரி செலுத்துகிறாள். அவள் மகன் பல்கலைக்கழகம் புகுவதோ அரிது. அவ்வரியால் மருத்துவரானவர் அவளுக்குக் கடன்படவில்லையென்று நாம் கூறத் துணிவோமா?

ஆயினும் வாயிலிலேயே கட்டணம் கேட்டால், முதலில் திரும்பிச் செல்பவன் அவள் மகனே. ஆதலின், நுழையும்போது கேளாது, கற்றுப் பொருளீட்டும் காலத்தில் வருவாய்க்கேற்பப் பெறுவதே அறமெனக் கருதுகிறோம். ஆஸ்திரேலியா 1989 முதல் இத்தகைய முறையைக் கையாண்டு வருகிறது. வருவாய் குன்றியோரை வருத்தலாகாது. கடல் கடந்து சென்று செழித்தோரை விலக்கலுமாகாது.

பிறர் உழைப்பால் பெற்ற கல்வி நம் தனியுடைமையன்று, அமானிதம். அடுத்து வருபவனிடம் அதனை ஒப்படைத்தல் நம் கடமையாகும்.